ரப்பரால் அழித்த காற்று!

சாயங்காலம் ஆறு மணிக்கு பொத்தேரி ஸ்டேஷனில் நின்றிருக்கிறீர்களா? முதுகில் பை, காதில் ஹெட்போன், கையில் எண்ணெய் சொட்டும் சமோசா என்று பிளாட்பாரம் முழுக்க எங்கள் மாதிரி பசங்கதான் நிற்போம். எல்லாரும் ரயில் வருகிற திசையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கன்டெய்னர் லாரி எண்ணுகிற வியாதி எனக்கு. நாற்பதடிப் பெட்டி ஒன்று, இருபதடி ரெண்டு, காலி டிரெய்லர் ஒன்று...

காரணம் பெரிசா ஒன்றுமில்லை. நான் தூத்துக்குடிக்காரன். அப்பா டிரெய்லர் டிரைவர். கன்டெய்னரைப் பார்த்தால் சொந்தக்காரங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். ஹாஸ்டலில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது, ஊர்தான். ஒருத்தன் விழுப்புரம், ஒருத்தன் ஆம்பூர். பக்கத்து ஊர் டேஸ்காலர் ஒருத்தன் கூடுவாஞ்சேரி. என்னை மட்டும் 'மக்ரூன்' என்பார்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த நாலு பேரும் சேர்ந்து மூன்றாம் வருஷ மினி ப்ராஜெக்டில் ஒரு காரியம் செய்தோம். சரியான விடை ஒன்று எங்கள் கையில் தானாக வந்து விழுந்தது. அதை ரப்பர் வைத்து அழித்துவிட்டு, தப்பான விடையை நாங்களே எழுதினோம். வெட்கமான கதைதான். ஆனாலும் சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் தலைப்பு: கன்டெய்னர் கப்பலின் மேல்தளத்தில் பெட்டிகளை அடுக்கும் விதத்துக்கும் காற்று கொடுக்கும் எதிர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? தலைப்பைப் பிடித்தது நான். சின்ன வயசில் துறைமுகம் பக்கம் போகும்போதெல்லாம் கப்பல் மேல் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பார்த்து, பல் விழுந்த வாய் மாதிரி இருக்கே என்று நினைப்பேன். ஒரு இடத்தில் ஏழு அடுக்கு, பக்கத்தில் காலி, அப்புறம் மூன்று அடுக்கு. ஏன் ஒழுங்காக அடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

முதல் ரிவ்யூவில் சார் கேட்டார். "ஏம்பா, கப்பல் தண்ணியில போகுது. தண்ணி காத்தை விட எண்ணூறு மடங்கு அடர்த்தி. அதை விட்டுட்டு எதுக்குக் காத்தைப் பிடிச்சுத் தொங்குறீங்க?"

நியாயமான கேள்வி. உங்களுக்கும் அதே சந்தேகம் வந்திருக்கும். கப்பல் இன்ஜினின் சக்தியில் பெரும் பங்கைத் தண்ணீர்தான் தின்கிறது. அமைதியான நாளில் காற்றின் பங்கு நூற்றில் சில சதவிகிதம்தான். ஆனால் காற்று வெறும் ஆள் இல்லை. சென்னைக்காரர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 2012 அக்டோபர் 31-ம் தேதி நிலம் புயல் வந்தபோது, சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் தள்ளிக்கொண்டே வரப்பட்டு, பெசன்ட் நகர் பக்கம் மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் சிலர் உயிரோடு கரை சேரவில்லை. அலையும் சேர்ந்துதான் தள்ளியது, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீருக்கு மேலே நிற்கும் இரும்புச் சுவர் எவ்வளவு பெரிசோ, காற்றுக்குப் பிடி அவ்வளவு பெரிசு. கன்டெய்னர் கப்பலிலோ அந்தச் சுவருக்கு மேல் இன்னொரு சுவரை நாமே அடுக்குகிறோம்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், பைக் ஓட்டுகிறவர்களுக்கு உடனே புரியும். கப்பல் 20 நாட் வேகத்தில் போகிறது என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளில் கூட அதன் முகத்தில் 37 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கும். எதிரே இருந்து இன்னொரு 20 நாட் காற்று வந்தால் வேகம் ரெண்டு மடங்கு. எதிர்ப்பு விசை ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு! வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் பாடம். (அந்தப் பேப்பரில் எனக்கு அரியர் இருந்தது என்பது வேறு விஷயம்.)

சார் தலையாட்டினார். ப்ராஜெக்ட் ஓ.கே.

மாடல் செய்ததுதான் செம ஜாலியான கட்டம். கூடுவாஞ்சேரியின் மாமா தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். 300 மீட்டர் கப்பலை 500-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் 60 சென்டிமீட்டர். நாற்பதடிப் பெட்டி 12.19 மீட்டர் நீளம். மாடலில் அது ரெண்டரை சென்டிமீட்டர் கூட வராது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக அறுத்தால் மாமா எங்களையே அறுத்துவிடுவார் என்பதால், கப்பலின் அகலம் முழுக்க ஒரு வரிசையை ஒரே கட்டையாக அறுத்து வாங்கினோம். மரத்தூள் தலையெல்லாம். மாமி கொடுத்த மோரில் கூட மரத்தூள்.

எங்கள் லேபில் இருப்பது சின்ன விண்ட் டனல். ஒரு முனையில் ஃபேன், நடுவில் கண்ணாடி வைத்த பெட்டி, அதில் மாடலைப் பொருத்தினால் பின்னால் எவ்வளவு விசையோடு தள்ளப்படுகிறது என்று எண் காட்டும். நாலு விதமாக அடுக்கிப் பார்ப்பது திட்டம். ஒன்று, தளம் முழுக்க ஏழு அடுக்கு. ரெண்டு, தளம் முழுக்க அதில் பாதி உயரம். மூன்று, ரெண்டு வரிசை ஏழு அடுக்கு, அடுத்த ரெண்டு வரிசை காலி, மறுபடி ரெண்டு வரிசை ஏழு அடுக்கு. நாலு, மொட்டைத் தளம். ரெண்டாவதிலும் மூன்றாவதிலும் பெட்டி எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், அடுக்கிய விதம்தான் வேறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விடை என்னவாக இருக்கும் என்று எங்களுக்கு முன்கூட்டியே 'தெரியும்'. பெட்டி குறைந்தால் எதிர்ப்பும் குறையும். ரெக்கார்டில் கிராஃப் கூட பென்சிலில் வரைந்து வைத்தாயிற்று. (சிரிக்காதீர்கள், நீங்களும் வரைந்திருப்பீர்கள்!)

முதல் அடுக்கு, ரெண்டாம் அடுக்கு, மொட்டைத் தளம் மூன்றும் சமர்த்தாக கிராஃபில் உட்கார்ந்தன. பல் விழுந்த வாய் மட்டும் அடம் பிடித்தது. பாதிப் பெட்டிதான் இருக்கிறது. ஆனால் எண், முழுக்க அடுக்கிய கப்பலை விட மேலே போய் நின்றது. ஃபேனை நிறுத்தி மறுபடி போட்டோம். அதே கதை. "மாடல் ஆடுதுடா" என்றான் ஆம்பூர். ஃபெவிகுவிக் போட்டோம். அப்பவும் அதேதான். மணி நாலரை, லேப் மூடும் நேரம். மறுநாள் ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும். விழுப்புரம் என்னைப் பார்த்தான். நான் ரப்பரை எடுத்தேன்.

ஆமாம், எடுத்தது நான்தான். மூன்று ரீடிங்கையும் அழித்து, கிராஃபில் எங்கே இருக்க வேண்டுமோ அந்த எண்ணை எழுதினேன். கோடு அழகாக இறங்கியது. நாலு பேரும் டீ குடிக்கப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பா போன்.

"என்னலே, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ப்பா. உங்க குரல் ஏன் டல்லா இருக்கு?"

"இந்த மாசமும் எட்டு லிட்டர் பிடிச்சுட்டான்லே."

உங்களுக்கு இது புரியாது, விளக்குகிறேன். அப்பா தூத்துக்குடி துறைமுகத்துக்கும் கங்கைகொண்டான், கோவில்பட்டி பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பெட்டி ஓட்டுகிறார். ஒரு டிரிப்புக்கு இத்தனை லிட்டர் டீசல் என்று ஓனருக்கு ஒரு கணக்கு. அதைத் தாண்டினால் டிரைவர் பேட்டாவில் கழிப்பார். ஏன் தாண்டியது என்ற கேள்வியே கிடையாது. டிரைவர் திருடியிருப்பான் என்பதுதான் அந்தக் கணக்கின் உள் அர்த்தம். அப்பா இருபத்திரண்டு வருஷமாக ஒரு சொட்டு டீசல் எடுத்ததில்லை.

"ஆடி மாசம்லா. கயத்தாத்துக் காத்து கொல்லுது. அதுல ஒத்தப் பெட்டி வேற. இருபதடி, காலி. நாப்பதடி வண்டில பின் லாக்குல வச்சு உட்டுட்டான். கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவுல பாய் விரிச்சுப் படுக்கலாம், அம்புட்டு இடம். காத்து கேபினைத் தாண்டி அந்தக் குழிக்குள்ள விழுந்து, பெட்டி மூஞ்சில அடிக்கும்லா. வண்டி நகரவே மாட்டேங்கு. அதே ரெண்டு காலியை ஒட்டி வச்சுக் குடுத்தான்னா, காத்து மேலாப்புல வழுக்கிட்டுப் போயிரும். இதைச் சொன்னா ஓனர் சிரிக்கான்."

நான் ஒன்றும் பேசவில்லை. "என்னலே, லைன்ல இருக்கியா?" என்றார் அப்பா.

ரெண்டு பெட்டியை விட ஒற்றைப் பெட்டிக்கு எதிர்ப்பு அதிகம். நடுவில் குழி. காற்று உள்ளே விழுந்து மூஞ்சில் அடிக்கும். எங்கள் டனல் நாலரை மணிக்கு இதையேதான் மூன்று முறை சொன்னது. நாங்கள் ஓனர் மாதிரியே சிரித்துவிட்டு அழித்திருக்கிறோம்.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. தேடித்தேடிப் படித்தேன். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், 9,000 இருபதடிப் பெட்டிகளுக்கு மேல் ஏற்றும் கப்பலை 450-ல் ஒரு பங்காகச் சுருக்கி, பெட்டிகளை விதவிதமாக அடுக்கி விண்ட் டனலில் சோதித்து 2013-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். நாங்கள் செய்ததேதான். என்ன, அவர் அழிக்கவில்லை! பெட்டிகள் நெருக்கமாக, மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் முன்னிருந்து பின்னுக்குத் தள்ளும் விசை குறைகிறது. பல் விழுந்தால் கூடுகிறது.

காரணம் லேசாகப் புரியும். காற்று முதல் சுவரில் மோதி மேலே எழும்பும். பின்னாலேயே அதே உயரத்தில் பெட்டிகள் தொடர்ந்தால், அவற்றின் தலைமேல் சறுக்கிக்கொண்டு கப்பலின் கடைசிக்குப் போய்விடும். வரிசைகளுக்கு நடுவில் இருக்கிற சின்னச் சந்துகளை அது பெரிதாகச் சட்டை செய்யாது. ரெண்டு வரிசை காலி என்றால் இருபத்தைந்து மீட்டர் பள்ளம். காற்று அதற்குள் இறங்கிச் சுழன்று அடுத்த சுவரில் மறுபடி மோதும். ஒரு கப்பலுக்கு ஒரு முகம் போதும். பள்ளம் விட்டால் நாலு முகம்! இதில் மோசமான காற்று நேர் எதிரே வருவது கூட இல்லை, கொஞ்சம் சாய்வாக வருவதுதான். சாய்ந்து வரும் காற்றுக்கு ஒவ்வொரு பள்ளமும் திறந்த கதவு. எங்கள் டனலில் 60 சென்டிமீட்டர் மாடலைச் சாய்த்து வைக்க இடமில்லை, அதனால் இதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

முழுக்கப் பக்கவாட்டில் அடித்தால் நிலைமை வேறு. அங்கே நெருக்கமாக அடுக்கினால்தான் ஆபத்து, சுவர் பெரிசாகிறது. 2021 மார்ச் 23-ம் தேதி சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்ட 'எவர் கிவன்' ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் அப்போது ஸ்கூல். அதன் படத்தை வைத்து மீம் போட்டுத் தள்ளினோம். 400 மீட்டர் நீளம், மொத்தம் 18,000-க்கு மேல் பெட்டி, கப்பலில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். அன்றைக்குப் பலத்த காற்று, மணல் புயல். காற்று மட்டுமே காரணம் இல்லை, வேகமும் கரையோரத் தண்ணீரின் இழுப்பும் சேர்ந்தே பேசப்பட்டன. இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டேன். 300 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரத்துக்குப் பெட்டிச் சுவர். அதில் மணிக்கு 72 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால், தோராயமாக 150 டன் எடை பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரி. அதைச் சமாளிக்கச் சுக்கானைத் திருப்பியே வைத்திருந்தால், அதுவும் தண்ணீரில் இழுவைதான்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் பல் விழுந்த வாயாகவே அடுக்குகிறார்கள்? சின்ன வயசுக் கேள்விக்கு விடை கிடைத்தது. அடுக்குகிறவர்களின் பட்டியலில் காற்று கடைசி ஆள். கனமான பெட்டி கீழே, இல்லாவிட்டால் கப்பல் சாயும். முதல் துறைமுகத்தில் இறங்குவது மேலே. குளிர்பெட்டி பிளக் பாயின்ட் பக்கத்தில். ஆபத்தான ரசாயனம் ஒன்றுக்கொன்று தள்ளி. ஒரு பெட்டியைச் சும்மா இடம் மாற்றி வைப்பதற்குக் கூட கிரேன் நேரம், காசு. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சின்னக் கப்பல்களில், அதாவது 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்ட அதே தடத்தில், பள்ளத்தை நிரப்ப யார் மெனக்கெடப் போகிறார்கள்? வங்காள விரிகுடாவைத் தாண்டி வாரக்கணக்கில் போகிற பெரிய கப்பலில்தான் இந்தப் பேச்சுக்கே அர்த்தம்.

ஒரே ஒரு சட்டம், காற்றை நினைக்காமலேயே காற்றுக்கு உதவுகிறது. மாலுமி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், கப்பல் மூக்குக்கு முன்னால் கடல் மறையும் தூரம், கப்பல் நீளத்தில் ரெண்டு மடங்கு அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி இது. அதனால் முன்பக்கம் பெட்டிகளைக் குறைவாக வைத்து, பின்னால் போகப் போகப் படிக்கட்டு மாதிரி ஏற்றுகிறார்கள். காருக்கு மூக்கு சரிவாக இருப்பது போல!

மூக்கையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஜப்பானின் 'மோல்' நிறுவனம் 2015-ல் 'மோல் மார்வெல்' என்ற கப்பலின் முன்பக்கத்தில் குதிரை லாட வடிவில் ஒரு காற்றுத் தடுப்பு மாட்டியது. வட பசிபிக்கில் 17 நாட் வேகத்தில் போனால் கரியமில வாயு 2 சதவிகிதம் குறையும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. 2022-ல் பிரான்ஸின் சி.எம்.ஏ. சி.ஜி.எம். நிறுவனமும் 'மார்கோ போலோ' கப்பலுக்கு ஒன்று மாட்டியது. படத்தைப் பாருங்கள், முறத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். ரெண்டு சதவிகிதம்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். பெரிய கப்பல் முழு வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு 100 டன்னுக்கு மேல் எண்ணெய் குடிக்கும். ரெண்டு சதவிகிதம் என்றால் தினமும் 2 டன். அங்கே 2 டன், எங்கள் வீட்டில் 8 லிட்டர்.

திங்கட்கிழமை காலை நாலு பேரும் சார் ரூமுக்குப் போனோம். ஆம்பூர் கடைசி வரை வர மாட்டேன் என்றான். "மார்க் போகும்டா, நீ அரியர் வச்சிருக்க, நான் வைக்கல" என்று அவன் கேட்டதில் தப்பே இல்லை. அப்புறம் என்ன நினைத்தானோ, வாசலில் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

நான் சொல்லி முடிக்கும் வரை சார் குறுக்கே பேசவில்லை. ரெக்கார்டைத் திருப்பி எங்களிடம் காட்டினார். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு." அழித்த எண்கள் பள்ளமாகத் தெரிந்தன. "வெள்ளிக்கிழமையே பார்த்துட்டேன். நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னுதான் தெரியல."

எதிர்பார்த்த சினிமா சீன் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ரிவ்யூவுக்குப் பாதி மார்க் கழித்தார். பேனாவால் மட்டும் எழுத வேண்டும் என்றார். புதன்கிழமை லேப் அண்ணனிடம் சொல்லி ஒரு மணி நேரம் டனல் வாங்கிக் கொடுத்தார். இந்த முறை பள்ளத்தை ஒரு வரிசை, ரெண்டு வரிசை, மூன்று வரிசை என்று மாற்றிப் பார்த்தோம். ஒரு வரிசைப் பள்ளத்துக்கு எண் லேசாகத்தான் அசைந்தது. ரெண்டுக்கு ஏறியது. மூன்றுக்கு எண் ஒரு இடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டே இருந்தது. அதற்கு எங்களிடம் விளக்கம் இல்லை. 'நிலையாக நிற்கவில்லை' என்று அப்படியே பேனாவால் எழுதினோம். பெட்டியில் ஒன்றை மட்டும் முன்னால் தள்ளி ஒட்டி, அப்பாவின் டிரெய்லர் மாதிரி ஒரு மாடலும் செய்தேன். கேபினாக ஒரு தீப்பெட்டி. நடுவில் பாய் விரிக்கும் இடம் விட்டால் எண் ஏறியது, ஒட்டி வைத்தால் இறங்கியது. அது ப்ராஜெக்டில் சேராது, அதனால் ரெக்கார்டில் ஏற்றவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

ராத்திரி போன் வந்தது. ஓனரிடம் காட்டினாராம். ஓனர் தாளைப் பார்த்துவிட்டு, "உம்மவன் படிக்கானா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு எட்டு லிட்டரைப் பிடித்துக்கொண்டாராம். ஆனால் காலிப் பெட்டி ஏற்றும்போது முன் லாக்கில் வைக்கச் சொல்லி அப்பா கிரேன்காரரிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார். அவர் நல்ல மூடில் இருந்தால் வைக்கிறாராம்.

"ஏலே, ஒண்ணு கேக்கணும். அந்தக் கப்பல்ல எண்ணெய் கூடிப் போச்சுன்னா யாரு சம்பளத்துல பிடிப்பாவ? கேப்டன் சம்பளத்துலயா?"

இல்லை, கப்பலை வாடகைக்கு எடுத்தவர்தான் பெரும்பாலும் எண்ணெய்க் காசு கொடுப்பார், ஒப்பந்தத்தில் சொன்னதை விட அதிகம் குடித்தால் அவர் கப்பல் முதலாளியிடம் நஷ்ட ஈடு கேட்பார், அன்றைக்குக் காற்று எவ்வளவு இருந்தது என்று கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று படித்ததைச் சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"காத்தைக் கணக்குல எடுக்காவளா?" என்றார் அப்பா.